வான்வெளிப் பொறியியல் பட்டப்படிப்புகளின் தரமதிப்பீடு

வான்வெளிப் பொறியியல் பட்டப்படிப்புகளின் தரமதிப்பீடு என்பது, வானூர்திகளையும் விண்கலங்களையும் வடிவமைக்கத் தேவையான கல்வியை ஒரு பட்டப்படிப்பு அளிக்கின்றதா என ஆராய்ந்து சான்றளிக்கும் முறையாகும். இச்சான்று தனித்தனிப் பட்டப்படிப்புக்கே உரியது; கல்லூரி முழுமைக்கும் உரியது அன்று.

மதிப்பிடும் முறை

ஐக்கிய அமெரிக்காவில் ஏபெட் என்னும் அமைப்பு இப்பணியைச் செய்கின்றது. வானூர்திப் பொறியியலுக்குக் காற்றியக்கவியல், கட்டமைப்பு, உந்துகை, பறப்பு இயக்கவியல், நிலைத்தன்மையும் கட்டுப்பாடும் ஆகிய பாடங்களையும், விண்கலப் பொறியியலுக்குச் சுற்றுப்பாதை இயக்கவியல், விண்வெளிச் சூழல், ஏவூர்தி உந்துகை முதலியவற்றையும் இது எதிர்பார்க்கின்றது. கல்லூரியின் தன்மதிப்பீட்டு அறிக்கையும் வல்லுநர் குழுவின் நேரடி ஆய்வும் முடிவுக்கு அடிப்படையாகும். 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு மறுஆய்வு நடைபெறும்.

வாசிங்டன் உடன்பாடு

நாடுகளுக்கிடையே பொறியியல் பட்டங்களை ஒப்பிட வாசிங்டன் உடன்பாடு (1989) உதவுகின்றது. ஆத்திரேலியா, அயர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா, நியூசிலாந்து ஆகிய 6 நாடுகளின் அமைப்புகள் இதனைத் தொடங்கின. இந்தியாவும் இலங்கையும் 2014இல் முழு உறுப்புரிமை பெற்றன. ஓர் உறுப்பினர் சான்றளித்த பட்டத்தைப் பிற உறுப்பினர்கள் இணையான கல்வித் தகுதியாக ஏற்பர். இந்தியாவில் தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்குச் சான்று பெற்ற படிப்புகளே இதில் அடங்கும்.

வரையறைகள்

இவ்வுடன்பாடு தொழில்முறைப் பொறியாளர் உரிமத்தை வழங்குவதில்லை. நாடு உறுப்புரிமை பெறுமுன் பட்டம் பெற்றோருக்குப் பொதுவாக இது பொருந்தாது. பல்கலைக்கழகத் தரவரிசைகள் பெரும்பாலும் ஆய்வு வெளியீடுகளுக்கு முதன்மை அளிப்பதால் அவை இச்சான்றுக்கு மாற்றாகா. எனவே நிறுவனத்தின் பெயரைவிட, குறிப்பிட்ட படிப்பும் பட்டம் பெறும் ஆண்டும் சான்றுக்குள் அடங்குகின்றனவா என்பதே முதன்மையானது.