பேப்பர் யாருது?

ரெட்டியார்பாளையத்துல எங்க வீட்டுக்கு வர்றது 'தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்'. டெல்லியில வேலை பார்க்கிற நண்பன் படிக்கிறது வெறும் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்'. நம்ம பக்கம் மட்டும் ஏன் இந்த 'நியூ'ன்னு கேட்டான். பதில் சுலபம்தான். ராம்நாத் கோயங்கா 1991-ல காலமானதும் குடும்பத்துக்குள்ள சொத்துச் சண்டை. வடக்குப் பதிப்புகள் விவேக் கோயங்காவுக்கு, தெற்கு (தினமணியும் சேர்த்து) மனோஜ் குமார் சொந்தாலியாவுக்குன்னு பிரிஞ்சது. 1932-ல சென்னையில வரதராஜுலு நாயுடு ஆரம்பிச்ச பத்திரிகை, சென்னையிலயே 'நியூ' ஆகிப்போச்சு :)

ஆனா என்னைக் கேட்டா, பெரிய சண்டை இது இல்லை மக்களே. அது எமர்ஜென்சி காலத்துது.

1975 ஜூன் 28-ல எக்ஸ்பிரஸ் தலையங்கத்தைக் காலியா விட்டு வந்த கதை நிறைய பேருக்குத் தெரியும். அதுக்கப்புறம் நடந்தது அவ்வளவா பேசப்படலை. தணிக்கைக்கு மசியாத பேப்பரை கம்பெனி வழியா பிடிக்கப் பார்த்தது இந்திரா அரசு. அச்சகத்துல போலீஸை நிறுத்த வேண்டாம். இயக்குநர் குழுவுல பெரும்பான்மை இருந்தா போதும். கோயங்காவை நெருக்கி, குழுவை மாத்தி, கே.கே. பிர்லாவைத் தலைவராக்கினாங்க. பங்கு கோயங்காவோடது, முடிவு அரசோட ஆளுங்களோடது! ஆசிரியர் முல்காவ்கரை வீட்டுக்கு அனுப்பினாங்க.

அந்த இடத்துக்கு வந்தவர் வி.கே. நரசிம்மன். 'தி இந்து'வுல பல வருஷம் இருந்த மனுஷன், சொன்னபடி கேட்பார்னு கணக்குப் போட்டிருக்கலாம். அவர் கேட்கலை. அரசு விளம்பரம் நின்னது. வரி பாக்கின்னு டெல்லி அச்சகத்துக்கு சீல் வெச்சாங்க, கோர்ட்டுக்குப் போய்தான் மீட்க வேண்டியிருந்தது. பேப்பர் வளையலை. பங்கு கைவிட்டுப் போகாததால கோயங்காவும் குழுவைத் திரும்பப் பிடிச்சுட்டார்.

1977 மார்ச்ல இந்திரா தோத்தாங்க. நரசிம்மனுக்கு என்ன கிடைச்சது? கோயங்கா பழைய ஆசிரியர் முல்காவ்கரையே திரும்பக் கூட்டிட்டு வந்து அந்த நாற்காலியில உட்கார வெச்சார். நரசிம்மன் விலகி, டெக்கான் ஹெரால்டுக்கு ஆசிரியரா போனார்.

கோயங்காவோட துணிச்சலை நான் குறைச்சுச் சொல்லலை. அவர் இல்லைன்னா அந்த பேப்பரே இல்லை. ஆனா அரசு வெச்ச குழு ஒரு ஆசிரியரை மாத்தின மாதிரியேதான் முதலாளியும் மாத்தினார்.

கோயங்கா பேர்ல பத்திரிகை விருது கொடுக்கிறாங்க. முப்பது வருஷமா எக்ஸ்பிரஸ் படிக்கிற எங்கப்பாகிட்ட நரசிம்மன் யாருன்னு கேட்டேன். "எந்த நரசிம்மன்?"ன்னார்.