வக்கீலின் பிழைக்கு யார் பொறுப்பு? தொழில் காப்பீடும் அதன் மேலடுக்கும், 1926–2024: சென்னையின் மேற்குப் புறநகரை முன்வைத்து

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ மனை வாங்க வங்கிக் கடன் கேட்பவரின் ஆவணங்கள் முதலில் போய்ச் சேரும் இடம் வங்கியின் பேனல் வக்கீலின் அலுவலகம். மூலப்பத்திரம், ஈ.சி. (வில்லங்கச் சான்று), பட்டா எல்லாம் அங்கே போகும். சில பக்கங்களில் ஒரு லீகல் ஒப்பீனியன் திரும்பி வரும். வக்கீலுக்குக் கிடைப்பது சில ஆயிரம் ரூபாய். அந்தக் கருத்துரையை நம்பி வங்கி கொடுப்பதோ பல லட்சம். இந்த இடைவெளியைப் பல நாடுகளில் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு நிரப்புகிறது. நம்மூரில் அது ஏன் வேரூன்றவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வக்கீல் மீது நஷ்டஈட்டு வழக்குப் போடவே முடியாது என்று நம்புவோர் இன்றும் உண்டு. அது சரியல்ல. பழைய ஆங்கில மரபில் பாரிஸ்டர் கட்டணம் கேட்டு வழக்காட முடியாது. நீதிமன்றத்தில் வாதாடுகையில் செய்த கவனக்குறைவுக்காக அவர் மீதும் வழக்குத் தொடர முடியாது. இந்தியாவில் 1926ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் கட்டணச் சட்டம் இந்த மரபை உடைத்தது. அதன் 4ஆம் பிரிவு கட்டணத்துக்காக வழக்குத் தொடரும் உரிமையைக் கொடுத்தது. வக்கீல் என்ற ஒரே காரணத்தால் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து எவரும் தப்ப முடியாது என்று 5ஆம் பிரிவு கட்டிப்போட்டது. உரிமையும் பொறுப்பும் ஒரே சட்டத்தில் அடுத்தடுத்து வந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இங்கிலாந்திலோ பிரபுக்கள் சபை பாரிஸ்டரின் விலக்கை 1967இல் மறுபடி உறுதிசெய்து, 2000இல்தான் கைவிட்டது.

சட்டம் இருந்தும் அது பெரிதாகப் புழங்கவில்லை. கவனக்குறைவை நிரூபிக்க இன்னொரு வக்கீலை அமர்த்தி, கோர்ட் கட்டணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்தத் தடையைத் தளர்த்தும் எனத் தோன்றியது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அதன் பிறகு மருத்துவர்களிடையே தொழில்சார் பொறுப்புக் காப்பீடு பரவியது. வக்கீல்கள் மீதான புகார்களையும் நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 1996இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2007 ஆகஸ்ட் 6 அன்று டி.கே. காந்தி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையமும் கூறின. பின்னர் ஆணையத்தின் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2024 மே 14 அன்று நீதிபதிகள் பேலா திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு, வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது என்று முடித்துவைத்தது.

உரிமையியல் நீதிமன்றக் கதவு இன்னும் திறந்தே இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2017 முதல் கோர்ட் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். 20 லட்சம் கேட்டால் முதலிலேயே 60,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். மற்ற சேவைகளுக்கோ, செலுத்திய கட்டணம் 5 லட்சம் வரை இருந்தால் நுகர்வோர் மன்றத்தில் இலவசமாகவே புகார் கொடுக்கலாம். வழக்கு வராத இடத்தில் பிரீமியம் கட்ட யார் முன்வருவார்? காப்பீடு தேங்கியதற்கு இதையே முதற்காரணமாகக் கணிக்கிறேன்.

இழப்பு மட்டும் தேங்கவில்லை. வயலும் ஏரிக்கரையும் மனைகளான மேற்குப் புறநகரில் ஈ.சி.யை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்வது ஆபத்து. அதில் பதிவான ஆவணங்களே தெரியும். ஏரிப் புறம்போக்கா என்பதைக் கிராம ‘அ’ பதிவேட்டில் பார்க்க வேண்டும். வீட்டுவசதி வாரியத்துக்காக நிலம் எடுப்பு அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த அறிவிக்கை ஈ.சி.யில் ஏறாமலே இருக்கலாம். 2012 டிசம்பர் 1 வரை பவர் பத்திரத்தையும், அடமானத்துக்காக மூலப்பத்திரத்தை ஒப்படைத்ததற்கான ஆவணத்தையும் பதிவது கட்டாயமில்லை. அதற்கு முந்தைய அத்தகைய பரிவர்த்தனைகள் கண்ணில் படாமல் போகலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சிறு பட்டறைக்காரருக்கு வேறு ஆபத்து: காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பத் தவறினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கே கையை விட்டுப் போகக்கூடும்.

பேனல் வக்கீலின் கருத்துரை தவறாகிவிட்டது என்பதற்காக மட்டும் அவரைக் குற்றச்சதியில் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கே. நாராயண ராவ் வழக்கில் தெளிவுபடுத்தியது. மோசடியில் அவர் உடந்தையாக இருந்திருக்க வேண்டும். பெருங்கவனக்குறைவுக்கான பொறுப்பு மட்டும் அப்படியே நீடிக்கிறது. காப்பீடு ஏற்பது அந்தப் பொறுப்பைத்தான். மோசடியை எந்தப் பாலிசியும் ஏற்காது.

மேலடுக்கு, அதாவது எக்ஸஸ் பாலிசி, இயங்கும் விதம் எளிது. முதல் பாலிசியின் வரம்பு 25 லட்சம், இழப்பு 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 25 லட்சம் தீர்ந்த பிறகு எஞ்சிய 35 லட்சத்தை மேலடுக்கு ஏற்கும். தரைத்தளம் இல்லாமல் மாடி எழும்பாது. முதல் பாலிசி இல்லாதவருக்கு மேலடுக்கும் இல்லை. இன்னொரு சிக்கல் காலம். தவறு நடந்தபோது இருந்த பாலிசி போதாது. கோரிக்கை வரும்போதும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். பட்டாக் குறையோ பத்து ஆண்டு கழித்தும் வெளிவரும். அதற்குள் வக்கீல் தொழிலை விட்டிருந்தால் பழைய பிரீமியம் எதற்கும் உதவாது.

முதல் அடுக்கு இல்லாத சிக்கலுக்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் வழி கண்டது. 1978 முதல் அங்கே தனியார் வக்கீல்கள் எல்லோரும் பொது நிதியில் கட்டாயம் சேர வேண்டும். இன்று அந்த நிதி 3 லட்சம் டாலர் வரை காக்கிறது. அதற்கு மேல் வேண்டியவர் விரும்பி மேலடுக்கை வாங்குகிறார். இங்கே பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் வக்கீல்களுக்கான பாலிசி உண்டு. ஆனால் அதை எடுக்கச் சொல்லி வக்கீல்களைக் கட்டாயப்படுத்துவார் இல்லை.

வசூலிக்கும் வழி தமிழ்நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் வக்கீல்கள் நல நிதிச் சட்டப்படி வக்காலத்தில் நல நிதி வில்லை ஒட்டப்படுகிறது. வக்கீல் இறந்தால் அவர் குடும்பத்துக்கு அந்த நிதியிலிருந்து உதவி போகிறது. அதே வில்லையில் சிறு தொகையைக் கூட்டி, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் ஒரு குழுக் காப்பீட்டை முதல் அடுக்காக எடுக்கலாம். வக்காலத்தே இல்லாத லீகல் ஒப்பீனியனுக்கு உரிய பங்கை, அதைக் கேட்கும் வங்கிகளிடமிருந்தே வாங்கலாம்.