வந்தாறுமூலைக்கு ஏன் போனோம்?

போன கிழமை பாடசாலை வாசலில் ஒரு வாப்பா எங்களை மறித்தார். "சேர், ஓ.எல். சோதினை கிட்ட வருது. ஒன்பது பாடத்தையும் படிக்கவே புள்ளைகளுக்கு நேரமில்ல. இதுக்குள்ள அஞ்சி பேரச் சேர்த்து விஞ்ஞானப் போட்டி எண்டு வந்தாறுமூலைக்கெல்லாம் ஏன் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஆனால் கவலையோடுதான் கேட்டார். மணி அடித்துவிட்டதால் நின்று பதில் சொல்ல முடியவில்லை. வேறு சில பெற்றோரும் இதையே யோசித்திருப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறோம். பழைய கதையும் சேர்ந்து வரும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் போட்டியைப் பற்றி. நமது பிள்ளைகளுக்குத் தெரிந்த போட்டி எல்லாம் தனியாள் போட்டிதான். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தொடங்கி, பக்கத்து வாங்கில் இருப்பவன் விடைத்தாளைப் பார்த்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதிப் பழகியவர்கள். உலகத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். 1959இல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு தொடங்கிய சர்வதேச கணித ஒலிம்பியாட்டுக்கு நாடுகள் குழு அனுப்பினாலும், பிள்ளை தனியாக இருந்துதான் கணக்குச் செய்கிறது. வேறு விதமான போட்டிகளும் இருக்கின்றன. 1979இல் மொஸ்கோவில் தொடங்கி 1988இல் சர்வதேசப் போட்டியான இளம் பௌதிகவியலாளர் போட்டியில் ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் பதினேழு பிரச்சினைகளை ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன்பே கொடுத்துவிடுகிறார்கள். எல்லாம் கையால் செய்துபார்க்க வேண்டியவை. போட்டி நாளில் ஒரு குழு தன் விடையை முன்வைக்கும், இன்னொரு குழு அதில் பிழை பிடிக்கும், மூன்றாவது குழு இரண்டு பேர் சொன்னதையும் எடைபோடும். 2004இல் இந்தோனேசியாவில் தொடங்கிய சர்வதேச கனிஷ்ட விஞ்ஞான ஒலிம்பியாட்டில் பதினைந்து வயது வரையான பிள்ளைகள் பங்குபற்றுகிறார்கள். அதில் எழுத்து வினாக்களைத் தனித்தனியே செய்தாலும், பரிசோதனைப் பகுதியை மூன்று பேர் சேர்ந்தே செய்ய வேண்டும். நூறு புள்ளியில் நாற்பது அதற்குத்தான்.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் இந்தியாவில் 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. (அங்கே அறிவியல், இங்கே விஞ்ஞானம். அவர்களுக்கு ஆக்சிஜன், நமக்கு ஒட்சிசன்.) தமிழ்நாட்டில் அதை முன்நின்று நடத்துவது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலேயே உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, தாங்களே அளந்து, தாய்மொழியில் எழுதி வைக்க வேண்டும். விலை கூடிய கருவி தேவையில்லை. குளம், குப்பை, நெல், கொசு, எதுவும் ஆய்வுப் பொருளாகலாம். பெரிய ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையும் பெரிய பாடசாலைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய போட்டி அது. எங்களுக்குப் பிடித்ததும் அந்த வகைதான்.

இனி வந்தாறுமூலை.

இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் கிழக்குப் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே முதலில் இருந்தது ஒரு பாடசாலை. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1940களில், நாடு முழுக்க மத்திய பாடசாலைகள் கட்டப்பட்டன. மொத்தம் 54. நகரத்து மிஷன் பாடசாலைகளில் மட்டும் கிடைத்த கல்வி கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளை புலமைப்பரிசிலோடு விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது திட்டம். நமது பிள்ளைகளை இந்தப் பாடுபடுத்தும் ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையின் வேரும் அங்கேதான் இருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். மட்டக்களப்பின் வயலும் களப்பும் சூழ்ந்த வந்தாறுமூலையில் அப்படி ஒரு மத்திய பாடசாலை வந்ததைச் சொல்லும்போது, ஊரின் மூத்தவர்கள் நல்லையா மாஸ்டரின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.

அந்த நல்லையா மாஸ்டர்தான் அரசாங்க சபையில் திருகோணமலை – மட்டக்களப்பு உறுப்பினராக இருந்தவர். 1944 மே மாதம் சிங்களத்தை ஆட்சிமொழியாகவும் போதனாமொழியாகவும் ஆக்கக் கோரி ஜே.ஆர். ஜயவர்தன ஒரு பிரேரணை கொண்டுவந்தார். அதில் 'தமிழும்' என்று சேர்க்கத் திருத்தம் முன்வைத்தவர் இவர். திருத்தத்தோடு பிரேரணை 27க்கு 2 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பின்னர் அரசியல் எப்படிப் போனது என்பது வேறு கதை. இன்றைக்கு நமது பிள்ளை தமிழில் விஞ்ஞானம் படிக்கிறது என்றால், அதற்கான வாதம் ஒன்றை எழுப்பிய குரல் இந்த மாவட்டத்திலிருந்து போனது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சொற்களை உண்டாக்கிய வேலையிலும் இந்தக் கரையின் பங்கு உண்டு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை நாம் யாழ் நூலோடும் இசையோடும் மட்டுமே நினைக்கிறோம். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அந்த முயற்சியின் பலனாக 1938இல் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன.

நமது பாடசாலைகளுக்கு விஞ்ஞானம் வந்தது இன்னும் பிந்தித்தான். ஆய்வுகூடம் உள்ள பாடசாலையில்தான் விஞ்ஞானம், மற்றவற்றில் பெயருக்குச் சுகாதாரமும் இயற்கைப் பாடமும் என்று இருந்த நிலையை 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மாற்றியது. ஆறாம் தரத்திலிருந்து எல்லாப் பிள்ளைக்கும் ஒருங்கிணைந்த விஞ்ஞானம் கட்டாயமானது. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். நம்மவர் என்று பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்ததும் அவர் காலத்திலேதான். அது தமிழ் மாணவர்கள் மனதில் எவ்வளவு ஆழமான காயத்தை உண்டாக்கியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு.

1981 ஆகஸ்ட் முதலாம் திகதி, வந்தாறுமூலை மகா வித்தியாலய வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்த அதில் முதலில் இருந்தவை இரண்டே பீடங்கள்: விஞ்ஞானம், விவசாயம். 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. கிராமத்துப் பிள்ளைக்கென்று கட்டிய பாடசாலையின் வகுப்பறைகள்தான் கிழக்கின் முதல் பல்கலைக்கழகத்துக்கு இடம் கொடுத்தன.

அடுத்த பகுதியை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றும் யோசித்தோம். முடியவில்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி இரவில் ஏறாவூரில் விடுதலைப் புலிகளால் நூற்றுக்கும் மேற்பட்ட நமது மக்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் இருந்தார்கள். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு தெரியும். நம்மில் பலருக்குத் தெரியாதது அடுத்தது. அதே நாட்களில் சுற்றுவட்டாரத் தமிழ்க் கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவத்தினர் அங்கிருந்து 158 பேரைக் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு மாதம்கூட இல்லை. இரண்டு இடங்களுக்கும் இடையில் செங்கலடி மட்டும்தான்.

முப்பதுகளில் இருக்கும் எங்கள் வயதுக்காரர் பிறந்ததே அந்த வருடங்களை ஒட்டித்தான். ஏறாவூரிலிருந்து பஸ் ஏறினால் பதினைந்து நிமிடத்தில் போய்விடக்கூடிய வந்தாறுமூலைக்கு, கல்வியியற் கல்லூரிக்குப் போகும் வரை எங்களில் சிலர் ஒரு தடவையாவது போனதில்லை. அங்கே விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்த நண்பன் அந்தப் பக்கத்தான். அவன் வீட்டுக் கலியாணத்துக்குத்தான் முதன்முதலில் போனோம்.

இன்றைய பிள்ளைகளுக்கு வேறொரு சுவர் இருக்கிறது. ஏறாவூர், காத்தான்குடி, ஓட்டமாவடிப் பாடசாலைகள் ஒன்றோடொன்று தொடாமலேயே மட்டக்களப்பு மத்தி வலயமாக இருக்கின்றன. வந்தாறுமூலைப் பாடசாலைகள் வேறு வலயம். அதிபர் நியமனம், ஆசிரியர் இடமாற்றம் என்று வலயப் பிரிப்பால் நமக்குக் கிடைத்த நன்மைகளை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டோ விஞ்ஞானமோ, வலய மட்டப் போட்டியில் நமது பிள்ளை சந்திப்பது நமது பிள்ளையைத்தான். அடுத்த ஊர்ப் பிள்ளையை முதன்முதலாகக் காண்பது மாகாண மட்டத்துக்குப் போனால்தான். அங்கேயும் எதிர்க் குழுவாக.

அதனால்தான் குழுவுக்கு ஆய்வுப் பொருள் தேடியபோது கிணற்றுத் தண்ணீரை எடுத்தோம். கிணறுக்கு வலயம் தெரியாது.

2004 சுனாமிக்குப் பிறகு நமது கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போனது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். உதவிக்கு வந்தவர்கள் பம்ப் வைத்துக் கிணறுகளை இறைத்து இறைத்துச் சுத்தமாக்கினார்கள். பின்னர் இங்கு நடந்த ஆய்வுகள், அப்படித் திரும்பத் திரும்ப இறைத்ததால் பெரிய பலன் இல்லை, உப்பைக் கழுவிப் போக்கியது மாரி மழைதான் என்று காட்டின. காரணம் இதுதான்: நமது மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே கிட்டத்தட்ட நாற்பது அடிக்கு இருக்கும் என்பது ஒரு பொதுக் கணக்கு. மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழே இருக்கும் உப்பு எவ்வளவு எழும்பி வரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

களப்போரம் இருக்கும் கிணறுகளில் கோடை முடிவில் உப்பு எவ்வளவு? இதுதான் பிள்ளைகளின் கேள்வி. கருவி வாங்கக் காசில்லை. பழைய டோர்ச் பற்றரிகளை உடைத்து இரண்டு காபன் கோல்களை எடுத்தார்கள். சில சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒரு றெஜிபோம் துண்டில் குத்தி, பல்மானியில் பொருத்தினார்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிராம், இரண்டு கிராம் என்று உப்பைக் கரைத்து அளந்து வரைபு கீறினார்கள். வேலை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. கோலை முக்கி வைத்தால் வாசிப்பு நிற்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. மூன்று நாள் சண்டை. பல்மானி பழுது என்றான் ஒருவன். பாத்திரம் அழுக்கு என்றாள் ஒருத்தி. எப்போதும் பேசாமல் இருக்கும் ஒரு பிள்ளை கடைசியில் வயர்கள் இரண்டையும் மாற்றிப் பிடித்தது. வாசிப்பு குறைந்து, திரும்பவும் ஏறத் தொடங்கியது. நேரோட்டத்தில் கோல்களின் மேற்பரப்பு முனைவாக்கமடைகிறது என்று நாங்கள் பிறகு பெயர் சொல்லிக் கொடுத்தோம். கண்டுபிடித்தது அந்தப் பிள்ளை. முக்கி ஐந்தாவது செக்கனில் ஒரு வாசிப்பு, துடைத்து, வயரை மாற்றி இன்னொரு வாசிப்பு, இரண்டின் சராசரி என்று அவர்களே விதி வகுத்தார்கள். தனியாள் போட்டிக்கு இந்தச் சண்டை தேவைப்பட்டிருக்காது.

இந்தக் கிணறுகளைத் தேடித்தான் வந்தாறுமூலைக்குப் போனோம். முதல் வீட்டில் வாசலிலேயே தயங்கி நின்றோம். பர்தா போட்ட இரண்டு பிள்ளைகளையும் போத்தல்களையும் பார்த்துவிட்டு அந்த வீட்டு அம்மம்மா, "எங்க இருந்து மனே வாறீங்க?" என்றார். ஏறாவூர் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வாளியை எடுத்துத் தானே இறைத்துத் தந்தார். கூடத்துச் சுவரில் ஓர் இளைஞனின் கறுப்பு வெள்ளைப் படம் பூமாலையோடு இருந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போகும்போது, "எங்கட தண்ணி நல்லமோ கூடாதோ எண்டு வந்து சொல்லிட்டுப் போங்க" என்றார்.

மாகாணத்துக்குப் போனோம். இடம் கிடைக்கவில்லை, மறைக்க ஒன்றுமில்லை. வினாவிடைச் சுற்றில் ஒரு கேள்வியின் தமிழ், எங்களுக்கே ஆங்கிலத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நமது குழுவும் விழித்தது, எதிரே இருந்த தமிழ்ப் பாடசாலைக் குழுவும் விழித்தது. இரண்டு குழுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். கனிஷ்ட ஒலிம்பியாட்டில் ஒவ்வொரு நாட்டுக் குழுத் தலைவர்களும் முதல் நாள் இருந்து வினாக்களைத் தங்கள் பிள்ளைகளின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். அதில் ஒரு பங்காவது இங்கே நடந்தால் போதும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், இரண்டு பாடசாலை ஆசிரியர்களும் கையொப்பமிட்டு. ஒரு பாடசாலைக்கு ஒரு குழு என்ற விதியைத் தளர்த்தி, இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழுவாக வரவும் இடம் தரும்படி அதே கடிதத்தில் கேட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

இந்த முறை ஐந்து பேரும் பதினோராம் தரம். பரீட்சை முடியும் வரை புதிய ஆய்வு கிடையாது, அந்த வாப்பாவுக்கு இதை உறுதியாகச் சொல்கிறோம். ஆனால் வருகிற சனிக்கிழமை காலை மட்டும் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளைத் தர வேண்டும். மாரி மழை ஓய்ந்துவிட்டது. அதே கிணறுகளைத் திரும்ப அளக்க வேண்டும், அந்த அம்மம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எட்டு மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்போம். பஸ் காசு எங்கள் பொறுப்பு. வர விரும்பும் பெற்றோரும் வரலாம்.