விடுதலைக் கரையில் ஒருநாள்

கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலோடு கலக்குமிடத்தில், தஞ்சோங் டாவாய்க்கு எதிர்க்கரையில் உள்ளது பந்தாய் மெர்டேக்கா. 'விடுதலைக் கடற்கரை' என்பது அப்பெயரின் பொருள். தோட்டக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையில் கட்டுச்சோற்றுடன் உற்றார் நண்பர் சூழ நாடிவரும் கரை இது.

இக்கடல் தமிழர்க்குப் புதிதன்று. 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையை அடையாளமாகக் கொண்டு பண்டை வணிகர் கலம் செலுத்தினர். 1025-இல் இராசேந்திர சோழனின் படை கடாரத்தைத் தாக்கிற்று. ஆயின், தோட்ட மக்களின் முன்னோர் வணிகருமல்லர்; வீரருமல்லர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தொழிலாளர் அவர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணிவழி ஆள்சேர்ப்பு 1938-இல் நின்றது. அவர்களுக்குக் கடல் என்பது பிரிவின் எல்லை.

பின்னர்த் தோட்டத் துண்டாடலும் நகர வாழ்வும் லயத்து மக்களைச் சுங்கைப் பட்டாணி, கூலிம் எனச் சிதறச் செய்தன. குருதி உறவில்லாதாரையும் மாமா, சித்தி என்றழைத்த அவ்வுறவு, ஆண்டிற்கொருநாள் இம்மணலில் மீண்டும் கூடுகிறது. அன்று முதியோர் உரைக்கும் கப்பற் கதைகளும் தோட்டப் பெயர்களும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மாணவர் அவற்றைக் கேட்டு எழுதிவைத்தாலன்றி, அவ்வரலாறு அவர்களோடே மறையும்.