நீலப் புள்ளிக்குப் பின்னால் ஒரு விமானம்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "அக்கா, முதல் தடவையா சியோல் போறேன். போன்ல என்னென்ன ஆப் போட்டுக்கணும்?"

பதில் ரொம்பச் சின்னது. வழி பார்க்க நேவர் மேப், இல்லைன்னா காகாவோ மேப். மொழிக்கு பாபகோ. டாக்சிக்கு காகாவோ டி. அவ்வளவுதான்.

ஆனா இந்தப் பதிலைச் சொன்னதும் இன்னொரு கேள்வி வருது. பாரிஸ் போனாலும் பாங்காக் போனாலும் கூகுள் மேப்ஸை வெச்சே சமாளிக்கிறோம். கொரியாவுல மட்டும் எதுக்கு வேற மேப்? இதுக்கு பதில் தேடிப் போனப்போ நான் ஒரு போருக்குள்ளயும், ஒரு விமான விபத்துக்குள்ளயும் போய் நின்னேன். இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல அந்த நீலப் புள்ளி. "நீ இங்க இருக்கே"ன்னு மேப்ல காட்டுதே, அதுதான்.

1983 ஆகஸ்ட் 31. கொரியன் ஏர் லைன்ஸ் விமானம் 007 நியூயார்க்கிலிருந்து கிளம்பி, அலாஸ்காவில் உள்ள ஆங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, சியோலை நோக்கிப் பறந்தது. ஆங்கரேஜை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பாதை விலக ஆரம்பித்தது. விமானிகளுக்கு அது தெரியவே இல்லை. தானியங்கிக் கருவி, குறித்துவைத்த பாதையைப் பின்பற்றாமல் ஒரே திசையில் விமானத்தைச் செலுத்திக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகி, சோவியத் வான்வெளிக்குள் போய்விட்டது. செப்டம்பர் 1 அன்று சகலின் தீவுக்கு அருகே ஒரு சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. உள்ளே இருந்த 269 பேரும் இறந்துபோனார்கள்.

தான் எங்க இருக்கோம்னு சரியா தெரியாததுக்கு இவ்ளோ பெரிய விலை.

அப்போ அமெரிக்க ராணுவம் ஜிபிஎஸ்ஸை உருவாக்கிக்கிட்டு இருந்துச்சு. முதல் செயற்கைக்கோள் 1978-லயே மேலே போயிடுச்சு. இந்தச் சம்பவம் நடந்து இரண்டு வாரத்தில், ஜிபிஎஸ் தயாரானதும் உலகத்தின் பயணிகள் விமானங்களும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. பொதுமக்களுக்குக் கொடுக்கும் யோசனை ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் அது உலகத்துக்கு முன்னால் கொடுத்த வாக்காக மாறியது இந்த 269 பேருக்குப் பிறகு.

வாக்கு கொடுத்தாங்களே தவிர, முழுசா கொடுக்கலை. பொதுமக்களுக்கு வர்ற சிக்னல்ல வேணும்னே ஒரு பிழையைக் கலந்து அனுப்பினாங்க. நூறு மீட்டர் வரைக்கும் தப்பா காட்டும். கடல்ல போற கப்பலுக்கு அது போதும். சியோல்ல ஜோங்னோ பக்கத்துச் சந்துகள்ல நடக்குறவங்களுக்கு நூறு மீட்டர்னா மூணு சந்து தள்ளி! 2000 மே மாதத் தொடக்கத்தில், கிளின்டன் உத்தரவின்படி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அன்றிலிருந்துதான் தெருவில் நடக்கிற மனுஷனுக்கு ஜிபிஎஸ் உபயோகப்பட்டது. 2005-ல் கூகுள் மேப்ஸ் வந்தது, 2007-ல் ஐபோன் வந்தது. நீலப் புள்ளி நம்ம பாக்கெட்டுக்கு வந்துடுச்சு.

சரி, அப்போ அதே கொரியாவுல என்ன சிக்கல்?

கொரியப் போர் 1953 ஜூலை 27 அன்று நின்றது. நின்றதுதான், முடியவில்லை. கையெழுத்தானது போர் நிறுத்த ஒப்பந்தம். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கிடையாது. சியோலிலிருந்து எல்லை சுமார் 50 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போற தூரம்னு வெச்சுக்கோங்க. அப்படி ஒரு ஊர்ல, மேப்ங்கிறது டூரிஸ்ட் சமாசாரம் மட்டும் இல்லை, ராணுவ சமாசாரமும்தான்.

அதனால 1:25,000 அளவைவிட நுணுக்கமான வரைபடத் தரவை அரசு அனுமதி இல்லாம நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அந்த அளவுல ஒரு சென்டிமீட்டர்னா தரையில 250 மீட்டர். சந்து சந்தா வழி சொல்லணும்னா இது பத்தாது. கூகுள் கேட்டது 1:5,000, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 50 மீட்டர். 2016 நவம்பரில் கொரிய அரசு அதை மறுத்தது. சாட்டிலைட் படங்களில் ராணுவ இடங்களை மறைத்தால் பார்க்கலாம் என்றது அரசு; கூகுள் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளூர் நிறுவனங்களின் தொழில் பாதிக்கும், வரி வராது என்ற வாதங்களும் சேர்ந்துகொண்டன. 2025-ல் கூகுள் மறுபடியும் கேட்டிருக்கு. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி இப்போதைய நிலைமையை ஒரு தடவை பார்த்துக்கோங்க.

யோசிச்சுப் பாருங்க. உலகத்துக்கு நீலப் புள்ளி கிடைச்சதுல ஒரு கொரிய விமானத்துக்குப் பங்கு இருக்கு. அந்த விமானம் போய்ச் சேராத ஊர்லதான் நீலப் புள்ளிக்குக் கீழே இருக்குற மேப்புக்கு இவ்ளோ கட்டுப்பாடு.

இப்போ மொழிக்கு வருவோம். பாபகோன்னா எஸ்பெராண்டோ மொழியில கிளின்னு அர்த்தம். சியோல்ல நானும் அம்மாவும் சாப்பிடப் போனப்போ மெனு கார்டை இந்த மாதிரி ஒரு ஆப்லதான் படம் எடுத்தேன். "சோயா சூப்"னு வந்துச்சு. அம்மா சுத்த சைவம், சந்தோஷமா சொல்லிட்டாங்க. எனக்குத்தான் ஒரு சந்தேகம். "இதுல மீன் சேர்ந்திருக்கா?"ன்னு டைப் பண்ணி, கொரியன்ல மாத்தி, கடைக்காரப் பாட்டிகிட்ட காட்டினேன். அவங்க உள்ளே போய் ஒரு கை உலர்ந்த நெத்திலி எடுத்துட்டு வந்து காட்டினாங்க! அங்க நிறைய சூப்புக்கு அடிப்படையே அதுதான். ஆப் பேரைத்தான் மொழிபெயர்க்கும், பேர்ல இல்லாததைச் சொல்லாது. அதை மனுஷங்களைத்தான் கேட்கணும்.

கடைசியா ஒண்ணு. 2022 அக்டோபர் 15, சனிக்கிழமை. சியோலுக்குப் பக்கத்துல பாங்யோவுல ஒரு டேட்டா சென்டர்ல தீப்பிடிச்சது. காகாவோவோட மெசேஜ், டாக்சி, மேப் எல்லாம் படுத்துடுச்சு. எல்லாம் முழுசா சரியாக அஞ்சு நாள் ஆச்சு. ஒரே கம்பெனியை நம்பியிருந்த ஒரு நாடே திகைச்சுப் போச்சு.

அதனால என்னோட லிஸ்ட்ல அஞ்சாவதா ஒண்ணு சேர்த்துக்கோங்க. தங்குற ஹோட்டலோட பேரையும் முகவரியையும் கொரிய எழுத்துல ஒரு தாள்ல எழுதி பர்ஸ்ல வெச்சுக்கோங்க. சார்ஜ் தேவையில்லை, நெட் தேவையில்லை, எந்த அரசோட அனுமதியும் தேவையில்லை. எந்த டாக்சிக்காரரும் படிச்சிடுவார்.

பத்திரமா போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.