குமரி மலரும் வழியிலிருக்கும் ஊர்களும்

சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குப் பிரயாணம் செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இரும்புலியூர் என்பது, தாம்பரத்தைத் தாண்டியதும் ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் சற்றே வேகம் தணிந்து, மதுரவாயல் பைபாஸிலிருந்து வந்து கலக்கும் வாகனங்களுக்கு இடம் கொடுத்து, மறுபடியும் ஓட்டம் பிடிக்கிற ஓர் இடம் மட்டுமே. லட்சோப லட்சம் ஜனங்கள் கடந்து போகிற ஊர் இது; ஆயினும் இறங்கி நின்று இதைப் பார்த்து, பார்த்ததை எழுதிவைத்தவர் மிகச் சிலர். இங்கிருந்து கூப்பிடு தூரமென்று சொல்லக்கூடிய திருநீர்மலைக்கோ அந்தக் குறை இல்லை. மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தபடியால் திருமங்கையாழ்வார் ஆறு மாத காலம் காத்திருந்து பெருமாளைத் தரிசித்தார் என்னும் ஐதிகம் இன்றைக்கும் அங்கே படியேறுகிற ஒவ்வொருவருக்கும் சொல்லப்படுகிறது. தெய்வ சாந்நித்தியம் பெற்ற ஊருக்கு ஸ்தல புராணம் உண்டு. ஏரியும் வயலும் குடியானவர் வீடுகளும் மட்டுமே உள்ள ஊருக்கு எழுத்தில் இடமில்லை என்பதே நெடுங்காலம் நம் நாட்டின் வழக்கமாக இருந்தது.

அந்த வழக்கத்தை முதலில் அசைத்தது ரயில் வண்டி என்று சொல்லலாம். மாதக் கணக்கில் நடந்தும் மாட்டு வண்டியிலும் செய்த யாத்திரை நாட்கணக்காகச் சுருங்கியபோது, புண்ணியத்தை நாடிச் சென்றவர்களின் கண்ணுக்கு வழியிலிருந்த சத்திரமும் சந்தையும் பாஷையும் உடையும்கூடப் புலப்படலாயின. கோயம்புத்தூர் சே.ப. நரசிம்மலு நாயுடு 1889-இல் வெளியிட்ட ‘ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்’ இந்த மாறுதலின் தொடக்கத்தில் நிற்கிற நூல். பின்னர் ஆனந்த விகடன் 1926-இலும், கல்கி 1941-இலும் தோன்றி, வாரந்தோறும் வீட்டுக்கு வரும் பத்திரிகையைத் தமிழ்க் குடும்பங்களின் பழக்கமாக்கின; பிரயாணக் கட்டுரைக்கும் அவற்றில் இடம் கிடைத்தது. ஆனால் கதைகளுக்கும் ஹாஸ்யத்துக்கும் நடுவே வாசகரைச் சிறிது நேரம் மகிழ்விக்கிற விருந்தாளியாகவே அது இருந்தது. நாட்டையும் மக்களையும் அறிவதையே தன் பிரதான காரியமாக ஏற்றுக்கொண்ட ஒரு பத்திரிகை தமிழில் வேண்டுமென்று நினைத்து, நினைத்ததைத் தம் ஆயுள் முழுவதும் செய்து காட்டியவர் ஏ.கே. செட்டியார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-இல் பிறந்த அவர், இளமையிலேயே பர்மாவுக்குச் சென்று, ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்து, பின்பு ஜப்பானிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். காந்தியடிகளின் வாழ்க்கையைத் திரைப்படமாக்க வேண்டுமென்னும் எண்ணம் 1937-இல், அட்லாண்டிக் சமுத்திரத்தில் கப்பற் பிரயாணத்தின்போது அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை. தேசம் தேசமாக அலைந்து, பலரும் பல காலங்களில் எடுத்துவைத்திருந்த படச் சுருள்களைத் தேடிச் சேர்த்து, ஏறக்குறைய 50,000 அடிப் படத்திலிருந்து தெரிந்தெடுத்து அவர் தயாரித்த ‘மகாத்மா காந்தி’ 1940-இல் சென்னையில் வெளியாயிற்று. இந்த வரலாற்றை இங்கே நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பிறர் பார்த்து, பதிவு செய்து, மறந்துபோன துண்டுகளைச் சிரத்தையோடு திரட்டி, ஒழுங்குபடுத்தி, தம்மை முன்னிறுத்தாமல் உலகத்தார் முன் வைப்பதென்னும் அந்த வேலை முறையே பிற்பாடு அவருடைய பத்திரிகைக்கும் உயிர்நிலையாக அமைந்தது.

‘குமரி மலர்’ 1943-இல், யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், காகிதத்துக்குப் பெருந் தட்டுப்பாடும் கட்டுப்பாடும் இருந்த வேளையில் பிறந்தது. புதுப் பத்திரிகை தொடங்குவது எளிதாயிராத அந்நாளில் புத்தக வடிவிலே அது வெளிவரலாயிற்று. சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்திலும் அதற்கு முந்திய நூற்றாண்டிலும் அச்சாகி, செல்லரித்துப்போன ஏடுகளில் புதைந்துகிடந்த கட்டுரைகளையும் கடிதங்களையும் பாரதியாரின் எழுத்துக்களையும் செட்டியார் தேடியெடுத்து மறுபதிப்புச் செய்தார். பண்டைக் காலத்துப் பெருமைகளைப் பாராட்டுவதற்குப் பத்திரிகைகள் பல இருந்தன. தாத்தா காலத்துச் சங்கதிகளைத் திரட்டுவதற்கோ ஆளில்லை. சோழன் காலத்துச் சாசனத்துக்கு இருக்கிற மரியாதை, எழுபது வருஷத்துக்கு முந்திய ஒரு பிரயாணியின் குறிப்புக்கும் உண்டென்று உணர்ந்த பத்திராதிபர் அவர். 1983-இல் அவர் மறையும்வரையில் குமரி மலரை நடத்தினார். பிரபல வாரப் பத்திரிகைகளின் விற்பனையை அது எட்டியதில்லை. அதற்காக அவர் தம் நோக்கத்தை மாற்றிக்கொண்டதும் இல்லை.

உலகம் சுற்றும் தமிழன் என்று நாடு அவரை அழைத்தது. ஆனால் அவருடைய கண் வெளிநாடுகளோடு நின்றுவிடவில்லை. காவேரி பிறக்கும் குடகு நாட்டையும் அதன் மக்களையும் பற்றி 1967-இல் தனி நூல் எழுதினார். மறு வருஷமே, தமிழகத்து ஊர்களைக் குறித்து வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மனிதர்கள் எழுதிய பிரயாணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து, ‘தமிழ்நாடு’ என்ற பெயரிலேயே வெளியிட்டார். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் கல்கியில் எழுதிய ‘வேங்கடம் முதல் குமரி வரை’யை நான் பெரிதும் மதிக்கிறேன், கோயிலையும் சிற்பத்தையும் ரசிக்கக் கற்றுக்கொடுத்ததில் அதற்கு ஈடு இல்லை. எனினும் அந்த வழித்துணை நம்மைக் கோபுர வாசலுக்கு அழைத்துச் செல்கிறது. செட்டியாரோ வாசலுக்கு வெளியே உள்ள கடைவீதிக்கும் வண்டிப் பேட்டைக்கும் சாப்பாட்டுக் கிளப்புக்கும் அழைத்துச் செல்கிறார். ஸ்தல புராணம் பெறாத ஊர்களுக்கு அந்த இரண்டாவது வழியே வேண்டியிருக்கிறது.

இரும்புலியூரைச் சூழ்ந்த எங்கள் பிராந்தியத்துக்கு எழுதத் தகுந்த விஷயம் இல்லையென்று யாரும் சொல்லிவிட முடியாது. 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த பல்லாவரம் சில ஸ்டேஷன் தள்ளி இருக்கிறது. க்ஷயரோகிகளுக்காக டாக்டர் சவுரிமுத்து 1928-இல் நிறுவிய ஆஸ்பத்திரியால் ஒரு ரயில் நிலையமே சானடோரியம் என்று பெயர் பெற்றது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்கு வந்தது. அந்தக் கல்லூரியிலே பேராசிரியராயிருந்த கிஃப்ட் சிரோமணி, விடியற்காலையில் நம் பெண்கள் வாசல் தெளித்துப் புள்ளி வைத்து இழுக்கிற கம்பிக் கோலத்தைக் கணித ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக எடுத்துக்கொண்டு, எந்த வளைவுக்குப் பின் எந்த வளைவு வரும், கோடு எங்கே திரும்பித் தன்னைத் தானே சந்திக்கும் என்பதற்கெல்லாம் இலக்கணம் வகுத்தார். புறநகர்த் தெருவின் வாசற்படியில் பொருள் தேடிய அவரைச் செட்டியாரின் சகோதர ஆத்மா என்றே நான் கருதுகிறேன்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்படும்வரை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரவுகளில் இரும்புலியூரிலிருந்து பெருங்களத்தூர் வரை சாலையோரமே பஸ் நிலையமாயிருந்தது. கட்டைப்பையும் தூங்குகிற குழந்தையுமாக ஜனங்கள் நிற்க, “திண்டிவனம், விழுப்புரம், திருச்சி” என்று கண்டக்டர்கள் கூவ, வெள்ளரிப் பிஞ்சும் வேர்க்கடலையும் தண்ணீர்ப் பாட்டிலும் விற்பவர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் ஓடிய காட்சி, இனிமேல் பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும். ஐம்பது வருஷத்துக்குப் பின் வரப்போகும் ஒரு செட்டியார் தேடிப் புறப்பட்டால் அவருக்கு அகப்படும்படி, இதை யாராவது நிதானமாக எழுதி அச்சேற்றிவைக்க வேண்டும்.

எழுத முனைகிறவர்கள் பார்த்துப் பழகுவதற்கு முன்மாதிரிகளும் வெகு தூரத்தில் இல்லை. செட்டியார் பிறந்த அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் பெரியவர் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த தமிழ் நூல்களும் பத்திரிகைகளும், அவர் காலத்துக்குப் பிறகு சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றன. அது இப்போது தரமணியில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாக ஒரு பகலில் போய்ப் படித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.