படம் பிடிக்கப்பட்ட மரணம்

மெக்சிகோ நாட்டுக் குருவான மிகேல் புரோவை அறிந்தவர்கள் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தின் வழியாகவே அறிந்திருப்பர். கோட்டு அணிந்த மனிதர் ஒருவர், கண்கள் கட்டப்படாமல், இரு கைகளையும் சிலுவைபோல் விரித்து நிற்கிறார். எதிரே துப்பாக்கிகள். நாள் 1927 நவம்பர் 23. படம் எடுத்தவர்கள் அவருடைய அன்பர்கள் அல்லர். அதிபர் கால்யெஸின் அரசே செய்தியாளர்களைக் காவல் தலைமையகத்துக்கு அழைத்திருந்தது.

1891இல் ஸகதேகாஸ் மாநிலத்தில் பிறந்த புரோ, 1911இல் இயேசு சபையில் சேர்ந்தார். புரட்சியால் நாடு கடந்து அலைந்து, 1925இல் பெல்ஜியத்தில் குருப்பட்டம் பெற்றார். வயிற்று நோய்க்குச் செய்த அறுவைச் சிகிச்சைகள் பலனளிக்காத நிலையில் 1926 ஜூலையில் ஊர் திரும்பினார். அம்மாத இறுதியில் நடைமுறைக்கு வந்த கால்யெஸ் சட்டப்படி, பொதுவெளியில் குருவின் அங்கி அணிந்தாலே 500 பெசோ அபராதம். மறுமொழியாக ஆயர்கள் பொது வழிபாட்டையே நிறுத்தினர். மெக்சிகோவில் திருச்சபை நெடுங்காலம் நிலமும் அதிகாரமும் குவித்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தக் கணக்கைத் தீர்க்க மறைவாகப் பூசை வைத்த நோயாளி ஒருவரா கிடைத்தார்?

புரோ மாறுவேடங்களில் சைக்கிளில் சுற்றினார். வீடுகளில் நற்கருணை வழங்கினார். ஏழைகளுக்கு உணவு சேர்த்தார். 1938இல் மெக்சிகோ சென்ற கிரஹாம் கிரீன் பின்னர் படைத்த குடிகாரப் பாதிரியை வாசித்தவர்களுக்கு இவர் வியப்பளிப்பார். அச்சத்தில் ஒடுங்காமல், ஒளிந்து வாழ்வதையே வேடிக்கையாக்கியவர் இவர்.

1927 நவம்பர் 13இல் முன்னாள் அதிபர் ஒப்ரெகோன்மீது குண்டு வீசப்பட்டது. வீசியவர்கள் வந்த கார் ஒருகாலத்தில் புரோவின் தம்பி உம்பெர்த்தோவுடையது. அதுபோதும் என்றாயிற்று. தாக்குதலைத் திட்டமிட்ட செகூரா வில்சிஸ் பொறுப்பேற்றும் புரோ விடுவிக்கப்படவில்லை, விசாரணையும் இல்லை. புரோ மண்டியிட்டுச் செபித்தார்; பின் எழுந்து, 'கிறிஸ்து அரசர் வாழ்க' என்றார். குண்டுகள் பாய்ந்தும் உயிர் பிரியாததால் அருகே வந்து மீண்டும் சுட்டனர். அதற்கும் படம் உண்டு.

அச்சுறுத்துவதற்காக நாளிதழ்களுக்குத் தரப்பட்ட படங்கள் சில நாட்களிலேயே வீடுகளில் வணங்கப்படும் படங்களாயின. சவ ஊர்வலத்தில் பல்லாயிரவர் திரண்டனர். 1988இல் ரோம் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது. உம்பெர்த்தோவும் அன்று காலையே சுடப்பட்டார். இன்னொரு தம்பி ரொபெர்த்தோ மட்டும், அர்ஜென்டினத் தூதர் குறுக்கிட்டதால் உயிர் தப்பி நாடு கடத்தப்பட்டார்.